இன்னொரு தாயின் பால்: குறைமாதக் குழந்தைகளும் நாம் பேசத் தயங்கும் ஒரு கொடையும்

ஒரு தேக்கரண்டியில் ஐந்து மில்லிலீற்றர் பிடிக்கும். ஒரு கிலோ நிறையுடன் பிறந்த குறைமாதக் குழந்தைக்கு முதல் நாட்களில் ஒரு தடவை கொடுக்கப்படும் பால் அந்தத் தேக்கரண்டியில் பாதியைக்கூட நிரப்பாது. வாய் அல்லது மூக்கு வழியாக இரைப்பை வரை செல்லும் மெல்லிய குழாயில், இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒன்று அல்லது இரண்டு மில்லிலீற்றர் விடுவார்கள். முழு நாளுக்கும் சேர்த்தால் ஒரு தேநீர்க் கோப்பையின் கால்வாசியைத் தாண்டாது.

இந்தச் சிறிய அளவு எங்கிருந்து வருகிறது என்பதில் அந்தக் குழந்தையின் குடல் தங்கியிருக்கிறது. சில வேளைகளில் உயிரும் தங்கியிருக்கிறது. பெற்ற தாயிடமிருந்து வந்தால் அதைவிடச் சிறந்தது எதுவுமில்லை. அது வர முடியாத நாட்களில் என்ன செய்வது? பால்மாவா, இன்னொரு தாயின் பாலா? இந்தக் கேள்வியை வைத்தியர்கள் நீண்ட காலமாகக் கேட்டுவருகிறார்கள். எங்கள் சமூகத்தில் அது வீட்டு விறாந்தைவரை இன்னும் வந்து சேரவில்லை.

நான் இதைத் தேடி வாசிக்கத் தொடங்கியதற்குக் காரணம், வேறொரு கட்டுரைக்காகச் சந்தித்த வன்னித் தாய் ஒருவர். அவருக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவம் நடந்தது. குழந்தையை உடனடியாகப் பெரிய வைத்தியசாலைக்கு அம்புலன்சில் அனுப்பிவிட்டார்கள். சத்திரசிகிச்சை செய்த காயத்துடன் அவர் பிறந்த இடத்து வைத்தியசாலையிலேயே படுத்திருந்தார். இரண்டாம் நாள் மார்பு கட்டி வலித்தது; பிள்ளை பக்கத்தில் இல்லை. நான்காம் நாள் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தபோது பால் குறைந்துவிட்டது. தன்னுடைய உடம்பில்தான் ஏதோ பிழை என்று அவர் இன்றுவரை நம்புகிறார். அவருடைய உடம்பில் எந்தப் பிழையும் இல்லை. தாயும் சேயும் வெவ்வேறு இடங்களில் இருந்த அந்த மூன்று நாட்களுக்கு ஒரு ஏற்பாடு இருக்கவில்லை என்பதே உண்மை.

குறைமாதக் குடல்

37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020 ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் மதிப்பிட்டிருக்கின்றன. பத்துக் குழந்தைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஒழுங்கையிலும் ஒரு வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருக்கும்.

சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒழுங்குபடுத்திச் செய்யும் திறன் ஏறத்தாழ 34 வாரமளவில்தான் குழந்தைக்கு வருகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தையை மார்பில் போட்டாலும் அதனால் போதியளவு குடிக்க இயலாது. அதனால்தான் குழாய். குடலும் அப்படித்தான். இன்னும் சில வாரங்கள் கருப்பைக்குள் இருந்து முதிர வேண்டிய குடல், வெளியே வந்து உணவைச் சமிக்க வேண்டியிருக்கிறது. அதன் உட்சுவர் மெல்லியது. கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் குறைவு. அசைவும் சீராக இருக்காது.

இந்த முதிராத குடலைத் தாக்கும் ஒரு கொடிய நோய் உண்டு. நெக்ரோடைசிங் என்ரரோகொலைட்டிஸ் என்று வைத்தியர்கள் அழைப்பார்கள். குடற்சுவரில் அழற்சி ஏற்பட்டு, அதன் ஒரு பகுதி இரத்தோட்டம் இழந்து இறந்துபோகும். நேற்றுவரை நன்றாக இருந்த குழந்தையின் வயிறு இன்று வீங்கும். பால் சமிக்காது. மலத்தில் இரத்தம் வரும். குடல் துளைபட்டால் சத்திரசிகிச்சை வேண்டும். பல குழந்தைகள் இறக்கின்றன. பிழைத்தவர்களில் சிலர் குடலின் ஒரு பகுதியை இழந்தே வளர்கிறார்கள்.

இந்த நோய்க்கு ஒரே காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. ஆனால், குழந்தை என்ன பால் குடிக்கிறது என்பது அதில் பெரிய பங்கு வகிக்கிறது. பிரித்தானியாவில் அலன் லூக்காஸ், ரிம் கோல் ஆகியோர் 926 குறைமாதக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 1990 இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தாய்ப்பால் மட்டும் பெற்றவர்களைவிட, பால்மா மட்டும் பெற்ற குழந்தைகளிடம் இந்த நோய் ஆறு முதல் பத்து மடங்கு அதிகமாகக் காணப்பட்டது.

முதலில் பெற்ற தாயின் பால்

தானப் பாலைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குறைமாதத்தில் பிள்ளை பெற்ற தாயின் உடம்பு அந்தப் பிள்ளைக்கு ஏற்ற பாலையே சுரக்கிறது. நிறைமாதத் தாயின் பாலைவிட அதில் ஆரம்ப வாரங்களில் புரதம் அதிகம். நோயெதிர்ப்புப் பொருட்களும் அதிகம். மஞ்சள் நிறத்தில் சில துளிகளாக வரும் முதற்பாலை, பிள்ளை குடிக்க முடியாத நிலையில் இருந்தால்கூட, பஞ்சில் தோய்த்துக் கன்னத்தின் உட்புறத்தில் தடவிவிடும் வழக்கம் பல நாட்டு வைத்தியசாலைகளில் இருக்கிறது.

பிள்ளை சப்பாவிட்டால் பால் வராது என்பது பாதி உண்மை. பாலை வெளியேற்றினால்தான் பால் சுரக்கும். அதைப் பிள்ளையின் வாய் செய்யலாம். தாயின் கையும் செய்யலாம். பிரசவம் முடிந்த முதல் சில மணித்தியாலங்களுக்குள் கையால் பால் எடுக்கத் தொடங்க வேண்டும். அதன் பிறகு இரவும் பகலுமாக ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது எடுக்க வேண்டும். முதல் நாளில் சில துளிகளே வரும். அது போதும், ஏனென்றால் பிள்ளைக்குத் தேவைப்படுவதும் அந்தளவுதான்.

இரண்டாவது வழி, தோலோடு தோல் சேர்த்து அணைத்திருப்பது. கங்காரு முறைப் பராமரிப்பு என்று இதற்குப் பெயர். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் இன்கியுபேற்றர்கள் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்க வைக்க வேண்டியிருந்த காலத்தில், 1970களின் இறுதியில், எட்கார் ரே என்ற வைத்தியர் தொடங்கிய முறை இது. வறுமையில் பிறந்த இந்த முறையைத்தான் இன்று உலக சுகாதார நிறுவனம் குறைமாதக் குழந்தைகள் அனைவருக்கும் பரிந்துரைக்கிறது. ஒரு நாளில் 8 முதல் 24 மணித்தியாலம்வரை, இயன்ற அளவு நேரம். பிள்ளையின் உடற்சூடு காக்கப்படும், தாயின் பாலும் பெருகும். அப்பாவின் நெஞ்சிலும் வைக்கலாம், அம்மம்மாவின் நெஞ்சிலும் வைக்கலாம்.

எங்கள் பகுதிகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு, அதிர்ச்சியில் பால் வற்றிவிட்டது என்பது. இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பால் சுரப்பதற்கு ஒரு ஹோர்மோன், சுரந்த பாலை வெளியே தள்ளுவதற்கு இன்னொரு ஹோர்மோன். பயமும் துக்கமும் வலியும் இரண்டாவதைத்தான் முதலில் தடுக்கின்றன. பால் உள்ளே இருக்கும், இறங்கி வராது. பிள்ளையின் அணைப்பும், ஆறுதலும், அடிக்கடி பால் எடுப்பதும் அதைத் திரும்பக் கொண்டுவரும். பல நாட்கள் நின்றுபோன பாலைக்கூடத் திரும்ப வரவைக்க முடியும். இதைத் தாய்க்குச் சொல்லிக்கொடுக்க ஒரு தாதிக்கு அரை மணித்தியாலம் வேண்டும். நெருக்கடியான விடுதியில் அந்த அரை மணித்தியாலம் கிடைப்பதுதான் கஷ்டம்.

பால் கிடைக்காத நாட்கள்

எல்லா முயற்சியும் செய்த பின்பும் சில குழந்தைகளுக்குத் தாயின் பால் கிடைக்காது. தாய் வேறு வைத்தியசாலையில் இருக்கலாம், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கலாம், இறந்திருக்கலாம், பாலூட்டக் கூடாத மருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம், அல்லது முதல் சில நாட்களுக்குப் போதிய பால் வராமல் இருக்கலாம். முல்லைத்தீவின் உட்கிராமம் ஒன்றிலிருந்து வந்து, வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு, கணவன் இல்லாமல், வைத்தியசாலையில் வாரக்கணக்கில் தங்கியிருக்கக்கூடிய நிலை எத்தனை பேருக்கு இருக்கிறது?

இந்த இடைவெளிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரிசை தெளிவானது. முதலில் தாயின் சொந்தப் பால். அது இல்லாவிட்டால், பாதுகாப்பான ஏற்பாடு இருக்கும் இடங்களில், இன்னொரு தாய் தானமாகக் கொடுத்த பால். அதுவும் இல்லாவிட்டால் மட்டுமே பால்மா. 2011 இல் வெளியான வழிகாட்டலிலும் 2022 இல் புதுப்பிக்கப்பட்ட பரிந்துரைகளிலும் இந்த ஒழுங்கைக் காணலாம்.

தானப் பால் என்றால் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் தாய் ஒரு கோப்பையில் எடுத்துக் கொடுப்பது என்று நினைத்துவிடக் கூடாது. நிறைமாதமாகப் பிறந்த, சுகமான குழந்தைக்கு இன்னொரு பெண் பாலூட்டுவது வேறு. ஒரு கிலோக் குழந்தைக்குக் கிருமி நீக்கப்படாத பால் ஆபத்தாகலாம். அதனால்தான் தாய்ப்பால் வங்கி என்ற அமைப்பு உருவானது.

ஒரு வங்கி எப்படி இயங்குகிறது?

இரத்த வங்கியைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தன் பிள்ளைக்குப் போதியளவு கொடுத்த பின்பும் பால் மிஞ்சும் ஆரோக்கியமான தாய்தான் கொடையாளி. அவருடைய உடல்நலம், எடுக்கும் மருந்துகள், புகைத்தல், மதுபானம் பற்றி முதலில் விசாரிப்பார்கள். எச்.ஐ.வி., ஹெபரைற்றிஸ் பி, ஹெபரைற்றிஸ் சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்வார்கள். தன்னுடைய பிள்ளையின் பங்கு குறைந்துவிடாமல் இருப்பதே முதல் நிபந்தனை.

கைகளைக் கழுவி, கிருமி நீக்கிய கொள்கலனில் எடுத்த பாலை உடனே குளிரூட்டியில் உறைய வைப்பார்கள். வங்கிக்கு வந்ததும் உருகவைத்து, பெரும்பாலும் பல தாய்மாரின் பாலைக் கலந்து, 62.5 பாகை செல்சியஸில் 30 நிமிடங்கள் சூடாக்கி, உடனே விரைவாகக் குளிர வைப்பார்கள். எச்.ஐ.வி. உட்பட நோய் பரப்பும் வைரஸ்களும் பெரும்பாலான பற்றீரியாக்களும் இந்த வெப்பத்தில் அழிந்துவிடும். பின்னர் ஒரு மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, கிருமி வளரவில்லை என்று உறுதியான பின்பே அந்தத் தொகுதியை விடுவிப்பார்கள். மறை 20 பாகையில் சில மாதங்கள் வைத்திருக்கலாம். ஒவ்வொரு போத்தலுக்கும் இலக்கம் உண்டு. எந்தக் கொடையாளியிடமிருந்து எந்தக் குழந்தைக்குப் போனது என்று பதிவேட்டில் திரும்பிப் பார்க்க முடியும்.

வெப்பம் பாலிலுள்ள எல்லா நன்மைகளையும் விட்டுவைப்பதில்லை. கொழுப்பைச் சமிக்க உதவும் நொதியம் அழிகிறது. உயிருள்ள கலங்கள் அழிகின்றன. நோயெதிர்ப்புப் புரதங்களில் ஒரு பகுதி குறைகிறது. ஆனால் குடலுக்கு நல்ல பற்றீரியாக்களை வளர்க்கும் தாய்ப்பாலுக்கே உரிய சர்க்கரைகள் பெரிதும் தப்பிவிடுகின்றன.

ஆகவே தானப் பால் எல்லாவற்றுக்கும் தீர்வு என்று சொல்ல முடியாது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு, தானப் பாலுடன் ஒப்பிடும்போது பால்மா குடித்த குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழற்சி ஏறத்தாழ இரு மடங்காக ஏற்படுகிறது என்று காட்டுகிறது. அதே மீளாய்வு, பால்மா குடித்தவர்களின் நிறை வேகமாகக் கூடுகிறது என்பதையும் சொல்கிறது. 2024 ஜனவரியில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் 483 மிகக் குறைமாதக் குழந்தைகள் பங்கெடுத்தார்கள். தானப் பால் பெற்றவர்களில் 4.2 சதவீதத்தினருக்கும், பால்மா பெற்றவர்களில் 9 சதவீதத்தினருக்கும் அந்தக் குடல் நோய் வந்தது. இரண்டு வயதளவில் சோதித்தபோது அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை.

சுருக்கமாகச் சொன்னால், தானப் பால் பிள்ளையின் குடலைக் காக்கிறது. வளர்ச்சிக்காக அதனுடன் புரதமும் கனியுப்பும் சேர்க்க வேண்டியிருக்கும். அது தாயின் பால் வந்துசேரும்வரை போடப்படும் பாலம். பாலம் இருக்கிறது என்பதற்காகத் தாயிடம் பால் எடுக்கும் முயற்சியைக் கைவிட்டால், நோக்கமே கெட்டுவிடும்.

கண்ணாடிப் போத்தலும் தீயணைப்புப் படையும்

முதலாவது தாய்ப்பால் வங்கி 1909 இல் வியன்னாவில் தொடங்கியது. 1980களில் எச்.ஐ.வி. பயம் பரவியபோது பல நாடுகளில் வங்கிகள் மூடப்பட்டன. வெப்பமூட்டினால் அந்த வைரஸ் அழியும் என்பது உறுதியான பிறகு அவை மெல்லத் திரும்பி வந்தன.

எங்களைப் போன்ற நாடுகள் கவனிக்க வேண்டிய உதாரணம் பிரேசில். அங்கு முதல் வங்கி 1943 இல் றியோ டி ஜெனைரோவில் தொடங்கப்பட்டது. 1980களின் நடுப்பகுதியில் ஜோவோ அப்ரிஜியோ என்ற ஆய்வாளர் அதைப் பொறுப்பெடுத்த பின், விலையுயர்ந்த உபகரணங்களுக்குப் பதிலாக மலிவான வழிகளைத் தேடினார்கள். பிளாஸ்ரிக் மூடி போட்ட சாதாரண கண்ணாடிப் போத்தல்களைக் கழுவிக் கொதிக்கவைத்துப் பால் சேகரிக்கப் பயன்படுத்தினார்கள். பாலின் தரத்தைப் பார்க்க அதன் புளிப்பை அளக்கும் எளிய சோதனையைக் கொண்டுவந்தார்கள். தலைநகர் பிரசிலியாவில் தீயணைப்புப் படையினர் வீடு வீடாகப் போய்ப் போத்தல்களைச் சேகரிக்கிறார்கள். இன்று அந்த நாட்டில் 200 க்கும் மேற்பட்ட வங்கிகள் இருக்கின்றன. அவை பால் சேகரிப்பதோடு நிற்பதில்லை. பாலூட்டச் சிரமப்படும் எந்தத் தாயும் உதவி தேடிப் போகக்கூடிய இடங்களாகவும் இயங்குகின்றன.

ஆசியாவின் முதல் வங்கி 1989 இல் மும்பையின் சயன் பகுதியிலுள்ள அரச வைத்தியசாலையில் வைத்தியர் ஆர்மிடா பெர்னாண்டஸின் முயற்சியால் உருவானது. தாராவிச் சேரிக்கு அருகிலுள்ள வைத்தியசாலை அது. தமிழ்நாட்டில் 2014 இல் அரச வைத்தியசாலைகளில் தாய்ப்பால் வங்கிகள் திறக்கப்பட்டன. கடல் தாண்டி முப்பது மைல் தூரத்தில், எங்கள் மொழியிலேயே கொடையாளித் தாய்மாருக்கு விளக்கம் கொடுக்கும் அனுபவம் இருக்கிறது.

யாருடைய பால்?

இதை எங்கள் ஆட்களிடம் பேசத் தொடங்கினால் பத்து நிமிடத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். யாருடைய பால்? கேட்பவர் நோயைப் பற்றிக் கேட்கவில்லை என்பது கேட்கும் தொனியிலேயே தெரியும். சாதியைச் சொல்லாமல் சாதியைக் கேட்கும் பழக்கம் எங்களுக்கு நன்றாகக் கைவந்தது.

அதற்குப் பதில் எங்களிடமே இருக்கிறது. பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் இரத்ததான முகாம் வைக்கும் சமூகம் இது. இலங்கையின் இரத்த வங்கிச் சேவை 2014 முதல் முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடையாளிகளையே நம்பி நடக்கிறது. விபத்தில் அடிபட்டுக் கிடக்கும்போது ஏற்றப்படும் இரத்தம் எந்த ஊருடையது என்று எவரும் கேட்பதில்லை. முருகனைப் பாலூட்டி வளர்த்தவர்கள் ஆறு கார்த்திகைப் பெண்கள். கண்ணனுக்கு யசோதை. இந்தக் கதைகளைத் திருவிழாவில் கேட்டுவிட்டு வீட்டில் இப்படிக் கேட்பது பொருந்தாது.

முஸ்லிம் சகோதரர்களின் கேள்வி வேறு வகையானது, அதை மதிப்புடன் அணுக வேண்டும். இஸ்லாமிய மரபில் ஒரே பெண்ணிடம் பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறப்புகளாகிறார்கள்; பின்னர் அவர்கள் திருமணம் செய்ய முடியாது. யாருடைய பால் என்று தெரியாமல் கலந்துவிட்டால் இந்த உறவை எப்படி அறிவது? 1985 இல் சர்வதேச இஸ்லாமிய சட்டவியல் மன்றம் இந்தக் காரணத்தாலேயே பால் வங்கிகளை ஏற்க மறுத்தது. யூசுப் அல் கர்ளாவி போன்ற அறிஞர்கள், மார்பில் நேரடியாகக் குடிக்காத, கலந்த பாலால் அந்த உறவு ஏற்படாது என்று வாதிட்டார்கள். 2019 டிசம்பரில் பங்களாதேஷின் டாக்காவில் ஆயத்தமாக இருந்த வங்கி, இந்த எதிர்ப்பினால் நிறுத்தப்பட்டது. பாலைக் கலக்காமல் வைப்பது, கொடையாளியையும் குழந்தையின் குடும்பத்தையும் ஒருவருக்கொருவர் தெரியப்படுத்துவது, பதிவுச் சான்று கொடுப்பது ஆகியவை இதற்கான வழிகள். தமிழ்த் தாயும் முஸ்லிம் தாயும் ஒரே விடுதியில் பிரசவிக்கும் கிழக்கு மாகாணத்தில், வங்கி திறந்த பிறகு இதைப் பேசுவதில் பயனில்லை. திறப்பதற்கு முன்பே பள்ளிவாசல்களுடன் பேச வேண்டும்.

போரும் பாலும்

எனது பெரியம்மா 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து நடந்தவர்களில் ஒருவர். கைக்குழந்தை இருந்தது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் தங்கியிருந்தபோது, காய்ச்சலில் கிடந்த இன்னொரு பெண்ணின் பிள்ளைக்கும் சில நாட்கள் பால் கொடுத்தார். அந்தப் பெண்ணின் பெயர்கூட அவருக்கு இப்போது ஞாபகமில்லை. அந்த இரவுகளில் எவரும் யாருடைய பால் என்று கேட்கவில்லை என்று மட்டும் சொல்வார். இடம்பெயர்வில் செய்த ஒன்றை வைத்தியசாலையில் செய்யத் தயங்குகிறோம்.

பால்மா என்ற சொல்லுக்கு வன்னியில் வேறொரு நினைவும் இருக்கிறது. 2009 ஏப்ரல் 8 ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்காக வரிசையில் நின்ற பெண்கள், குழந்தைகள் மீது ஷெல் விழுந்தது. இறந்துகிடந்த தாய்மாரில் சிலர் பால்மா அட்டையைக் கையில் பிடித்தபடியே இருந்ததாக ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் வெளியிட்ட அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. பட்டினி, காயம், மரணம் என்று எல்லாம் சூழ்ந்திருந்த இடத்தில் பால்மா தேடிய தாய் தன்னால் இயன்றதைச் செய்தார். தாய்ப்பாலின் மேன்மை பற்றி எழுதும் எவரும் அந்த வரிசையை மறந்து எழுதக் கூடாது.

அதே நேரம், அனர்த்த காலத்தில் பால்மாவை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கும் சான்றுகள் உண்டு. சுத்தமான நீர் வேண்டும், எரிபொருள் வேண்டும், கொதிக்கவைத்த போத்தல் வேண்டும். 2006 இல் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்துக்குப் பின், நன்கொடையாக வந்த பால்மாவைப் பெற்ற குழந்தைகளிடம் வயிற்றோட்டம் மற்றவர்களைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தது. 2023 நவம்பரில் காஸாவின் அல் ஷிபா வைத்தியசாலையில் மின்சாரம் நின்றபோது, குறைமாதக் குழந்தைகளை இன்கியுபேற்றர்களிலிருந்து வெளியே எடுத்துக் கட்டிலில் வரிசையாகக் கிடத்திய படங்களை நாங்கள் பார்த்தோம். 31 குழந்தைகள் அங்கிருந்து ராபாவுக்கு மாற்றப்பட்டார்கள். பல குழந்தைகளின் தாய்மார் அருகில் இருக்கவில்லை. அந்தப் படங்களைப் பார்த்தபோது எங்களில் பலருக்கு நினைவு வந்த இடம் காஸா மட்டுமல்ல.

போர் இல்லாத காலத்திலும் இது எங்களை விடவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்கு மீண்டும் வரிசை நின்றோம். மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியது. பாலை உறையவைத்துக் காக்கும் எந்தத் திட்டமும் மின்பிறப்பாக்கியையும் சேர்த்தே திட்டமிடப்பட வேண்டும்.

விலை வைத்தால் என்ன நடக்கும்?

பயப்பட வேண்டிய இன்னொரு பக்கம் இருக்கிறது. அமெரிக்க நிறுவனமொன்று கம்போடியாவின் ஏழைத் தாய்மாரிடம் பால் வாங்கி ஏற்றுமதி செய்தது. 2017 இல் கம்போடிய அரசு அதைத் தடைசெய்தது. இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2024 மே மாதத்தில், தாய்ப்பாலைப் பதப்படுத்தி விற்பது சட்டப்படி அனுமதிக்கப்படவில்லை என்று எச்சரித்தது.

நுண்கடன் தவணைக்காகத் தோட்டையும் வளையலையும் அடகு வைத்த பெண்கள் வாழும் ஊர்கள் எங்களுடையவை. பாலுக்கு விலை வைத்தால், சொந்தப் பிள்ளையின் பங்கைக் குறைத்துப் போத்தலை நிரப்பும் நிலை முதலில் இங்குதான் வரும். ஆகவே வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை என்பது முதல் விதியாக இருக்க வேண்டும். பால் அரச வைத்தியசாலையின் பொறுப்பில் இருக்க வேண்டும், வைத்தியரின் பரிந்துரையில் மட்டுமே குழந்தைக்குப் போக வேண்டும்.

எங்களிடம் என்ன இருக்கிறது?

பிரேசிலைப் போல நாடெங்கும் விரிந்த வலையமைப்பு இலங்கையில் இல்லை. ஆனால் அடித்தளம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே பெறுகிறார்கள். பல செல்வந்த நாடுகள் எட்டாத அளவு இது. 2006-07 இல் இதே மதிப்பீடு நடந்தபோது போர் காரணமாக வட மாகாணம் அதில் சேர்க்கப்படவே இல்லை. எங்கள் தாய்மாரும் குழந்தைகளும் அந்தக் கணக்கில் இல்லாதிருந்த காலம் அது.

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைகள் வழமையாக நடக்கின்றன. தாயிடமிருந்து சேய்க்கு இவ்விரு நோய்களும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கொடையாளிகளைப் பரிசோதிக்கும் வேலையில் ஒரு பகுதி ஏற்கெனவே நடக்கிறது என்பதே இதன் பொருள். வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டில் பால் மிஞ்சுகிறது, எந்த வீட்டில் தாய் தவிக்கிறாள் என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

வங்கி வருவதற்கு முன்பே செய்யக்கூடியவையும் உண்டு. குறைமாதக் குழந்தையை வேறு வைத்தியசாலைக்கு மாற்றும்போது தாயையும் முடிந்தளவு விரைவில் சேர்த்து மாற்ற வேண்டும். குழந்தைப் பிரிவுக்கு அருகில் தாய்மார் தங்கவும், குளிக்கவும், சாப்பிடவும், பால் எடுக்கவும் ஓர் அறை வேண்டும். தாய் வேறு இடத்தில் இருந்தால், அவர் எடுத்த பாலைக் குளிர்பெட்டியில் கொண்டுவந்து சேர்க்கும் ஒழுங்கு வேண்டும். புலம்பெயர்ந்த உறவுகளும் பழைய மாணவர் சங்கங்களும் வைத்தியசாலைகளுக்கு உதவ முன்வரும்போது, கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை போடுவதற்கு முன் இந்த அறையைப் பற்றிக் கேட்கலாம்.

குறைமாதத்தில் பிள்ளை பிறந்த வீட்டில் இருப்பவர்களுக்கு நேரடியாகச் சில வார்த்தைகள். முதல் நாளே பால் எடுக்க ஆரம்பிக்கச் சொல்லுங்கள். எப்படி எடுப்பது என்று தாதியிடம் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். எடுத்த பாலை எவ்வளவு நேரம் எங்கே வைக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே கேட்டு அதன்படி செய்யுங்கள், ஏனென்றால் எங்கள் வெக்கையில் பால் விரைவில் கெடும். குறைமாதப் பிள்ளைக்கு வேறொருவரின் பாலை வைத்தியருக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டாம். பிள்ளையை நெஞ்சில் வைத்திருக்க எப்போது அனுமதிப்பீர்கள் என்று ஒவ்வொரு நாளும் கேளுங்கள். தாய்க்கு நேரத்துக்குச் சாப்பாடு கொண்டுபோங்கள். பால் வரவில்லையே என்று தாயின் காது கேட்கச் சொல்லாதீர்கள்.

மற்றவர்கள் செய்ய வேண்டியது இந்தப் பேச்சைத் தொடங்குவது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவில், மாதர் சங்கத்தில் கேளுங்கள். இங்கே பிறக்கும் குறைமாதக் குழந்தைக்குத் தாயின் பால் கிடைக்காத நாட்களில் எதைக் கொடுக்கிறீர்கள்? அதைவிட நல்லதைக் கொடுக்க என்ன வேண்டும்? இந்த இரண்டு கேள்விகளையும் போதியளவு பேர் கேட்டால், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் ஒருவருக்கு வரும்.